இழுவை வீட்டுவண்டிகளில் கழிவுத்தொட்டி அடைப்பு

இழுவை வீட்டுவண்டி அல்லது டிராவல் டிரெய்லர் என்பது கார், பிக்கப் வண்டி போன்றவற்றின் பின்னால் இணைத்து இழுத்துச் செல்லப்படும் நடமாடும் வீடு ஆகும். அமெரிக்கா, கனடா ஆகிய நாடுகளில் இவ்வகை வண்டிகள் பெருமளவில் பயன்படுத்தப்படுகின்றன. அமெரிக்காவின் இந்தியானா மாநிலத்திலுள்ள எல்கார்ட் நகரம் இவற்றின் உற்பத்திக்குப் பெயர்பெற்றது. இவ்வண்டிகளின் கழிவறைக் கழிவு அடிப்பகுதியில் உள்ள ஒரு நெகிழித் தொட்டியில் தேக்கி வைக்கப்பட்டு, பின்னர் வெளியேற்றப்படுகிறது. அத்தொட்டியிலோ அதன் குழாயிலோ திடக்கழிவு இறுகி, வெளியேற்றம் தடைபடுவதே கழிவுத்தொட்டி அடைப்பு ஆகும். இது பெரும்பாலும் போதிய நீர் இல்லாததால் ஏற்படுகிறது. நீரைக் கொண்டே பெரும்பாலான அடைப்புகளை நீக்கவும் முடியும்.

பின்னணி

வண்டியில் வீட்டை இழுத்துச் சென்று முகாமிடும் வழக்கம் அமெரிக்காவில் கார்கள் பெருகியதோடு வளர்ந்தது. இத்தகைய பயணிகளின் சங்கமான டின் கேன் டூரிஸ்ட்ஸ் 1919ஆம் ஆண்டு புளோரிடா மாநிலத்தின் டாம்பா நகரில் தொடங்கப்பட்டது. தொடக்க கால வண்டிகளில் கழிவறை அரிதாகவே இருந்தது. பயணிகள் முகாம் திடல்களின் பொதுக் கழிப்பறைகளையே நம்பியிருந்தனர். வண்டிக்குள்ளேயே கழிவறை வந்தபின் அதன் கழிவைத் தேக்கி வைக்கும் தேவையும் வந்தது.

தொட்டிகளின் அமைப்பு

ஒரு வண்டியில் பொதுவாக மூன்று வகைத் தொட்டிகள் உள்ளன. நன்னீர்த் தொட்டி பயன்பாட்டு நீரைச் சேமிக்கிறது. சாம்பல்நீர்த் தொட்டி குளியலறை, சமையலறைத் தொட்டி ஆகியவற்றின் கழிவுநீரை ஏற்கிறது. கருநீர்த் தொட்டி கழிவறைக் கழிவை மட்டும் ஏற்கிறது. அடைப்பு அதிகம் நேர்வது கருநீர்த் தொட்டியிலேயே. இதன் கொள்ளளவு பல வண்டிகளில் 20 முதல் 40 காலன் வரை, அதாவது ஏறத்தாழ 75 முதல் 150 லிட்டர் வரை இருக்கும்.

கழிவறைப் பீங்கானுக்கு நேர் கீழே அல்லது சற்றுத் தள்ளி இத்தொட்டி அமைந்திருக்கும். வீட்டுக் கழிவறையில் இருப்பதுபோல் வளைந்த நீர்ப்பொறிக் குழாய் இதில் இல்லை. காலால் மிதித்துத் திறக்கும் ஒரு மூடியும் அதன் மேல் நிற்கும் சிறிதளவு நீருமே வாடையைத் தடுக்கின்றன. தொட்டியிலிருந்து ஒரு காற்றுக்குழாய் கூரைக்கு மேலே செல்கிறது. கீழ்ப்புறத்தில் 3 அங்குல விட்டமுள்ள வெளியேற்றுக் குழாயும், இழுத்துத் திறக்கும் தகட்டு வால்வும் உள்ளன. தொட்டி எவ்வளவு நிறைந்துள்ளது என்பதை அதன் சுவரில் பொருத்திய உணரிகள் காட்டுகின்றன. இவற்றில் பல, தொட்டிக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் உலோக முனைகளுக்கிடையே மின்சாரம் பாய்கிறதா என்பதைக் கொண்டு செயல்படுபவை.

அடைப்பு ஏற்படும் காரணங்கள்

அமெரிக்காவில் 1994 முதல் புதிய வீட்டுக் கழிவறைகளுக்கு ஒரு முறைக்கு 1.6 காலன், அதாவது சுமார் 6 லிட்டர் நீர் என்பது உச்சவரம்பு. வண்டிக் கழிவறைகள் அதைவிட மிகக் குறைந்த நீரையே பயன்படுத்துகின்றன. தொட்டி சீக்கிரம் நிறைந்துவிடும் என்ற எண்ணத்தில் பயணிகள் அதையும் குறைக்கும்போது, கழிவும் தாளும் நீரில் மிதப்பதற்குப் பதிலாக அடியில் குவிகின்றன. இதிலிருந்து உருவாகும் அடைப்புகளை நான்காகப் பிரிக்கலாம்.

கூம்பு அடைப்பு: முகாம் திடலில் கழிவுக்குழாயை நிலையாக இணைத்துவிட்டு வால்வைத் திறந்தே வைத்திருப்பதால் உண்டாவது. நீர் உடனுக்குடன் வடிந்துவிட, திடக்கழிவு மட்டும் கழிவறைக் குழாயின் நேர் கீழே கூம்பு வடிவில் குவிந்து, மெல்ல மேலெழுந்து குழாயின் வாயை அடைத்துவிடும்.

இறுகிய கசடு: நெடுநாள் படிந்த கழிவு, அல்லது தொட்டியை முழுதாகக் கழுவாமல் வண்டியை மாதக்கணக்கில் நிறுத்தி வைப்பதால் காய்ந்துபோன கழிவு, அடித்தளத்தில் கெட்டியான அடுக்காக மாறுவது.

தாள் அடைப்பு: கரையாத கழிப்பறைத் தாளோ ஈரத்துடைப்பான்களோ குழாயில் அல்லது வால்வின் வாயில் சிக்குவது. கழிவறையில் போடலாம் என்று உறையில் அச்சிடப்பட்ட ஈரத்துடைப்பான்களிலும் பல, நீரில் தாளைப்போல் சிதைவதில்லை.

உணரிப் படிவு: இது உண்மையான அடைப்பு அன்று. தாளும் கசடும் உணரி முனைகளில் ஒட்டிக்கொள்வதால், காலித் தொட்டியையும் நிறைந்ததாகக் கருவி காட்டும்.

அடையாளம் காணுதல்

நீக்கும் முறை அடைப்பு எங்கே உள்ளது என்பதைப் பொறுத்தது. சமீபத்தில்தான் தொட்டியை வெளியேற்றியிருந்தும் கழிவறையில் ஊற்றிய நீர் இறங்காமல் நின்றால், அது பெரும்பாலும் கூம்பு அடைப்பு. நீர் எளிதில் இறங்கி, வால்வைத் திறந்தபின் மெல்லிய ஓட்டம் மட்டும் வந்தால் அடைப்பு வெளியேற்றுப் பகுதியில் உள்ளது. அவ்வேளையில் வால்வு உண்மையிலேயே திறக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். கைப்பிடி நகர்ந்தாலும் உள்ளே கம்பியோ தகடோ கழன்றிருக்கக்கூடும். தொட்டி முன்னைவிட விரைவில் நிறைவதாகத் தோன்றினால் கசடு படிந்திருக்கலாம். வெளியேற்றும்போது கழிவறையில் குமிழ்ச் சத்தம் கேட்டால் கூரைக் காற்றுக்குழாயில் குருவிக்கூடோ இலைதழையோ அடைத்திருக்க வாய்ப்புண்டு.

அடைப்பை நீக்கும் முறைகள்

வேலையைத் தொடங்குமுன் நீர்புகாத கையுறையும் கண்ணாடியும் அணிய வேண்டும். மனிதக் கழிவில் ஈ. கோலை, நோரோவைரஸ், ஹெபடைட்டிஸ் ஏ போன்ற நோய்க்கிருமிகள் இருக்கலாம். தொட்டியில் மீத்தேன், ஹைட்ரஜன் சல்பைடு ஆகிய வாயுக்கள் உருவாவதால் சன்னல்களைத் திறந்து வைப்பதும் தீயைத் தவிர்ப்பதும் அவசியம். வண்டியைக் கழிவு வெளியேற்று நிலையத்திலோ கழிவு இணைப்புள்ள இடத்திலோ நிறுத்தியே பணியைச் செய்ய வேண்டும்.

1. ஊறவைத்தல்: கூம்பு அடைப்புக்கும் கசடுக்கும் முதலில் செய்ய வேண்டியது இதுவே. வால்வை மூடி, சூடான நீரைக் கழிவறை வழியாக ஊற்ற வேண்டும். கொதிக்கும் நீர் நெகிழிக் குழாய்களையும் ரப்பர் சீல்களையும் கெடுக்கும் என்பதால், கை பொறுக்கும் சூடே போதும். நொதி அல்லது நுண்ணுயிரி கலந்த தொட்டிக் கரைசலைச் சேர்த்து ஓரிரு நாட்கள் விட்டால் பெரும்பாலான குவியல்கள் இளகிவிடும். இக்கரைசல்கள் உடனே பலன் தருவன அல்ல. இறுகிய கசடுக்கு இதைப் பலமுறை செய்ய நேரிடும்.

2. குலுக்குதல்: தொட்டியைப் பாதிக்கும் மேல் நீரால் நிரப்பி வண்டியைச் சிறிது தூரம் ஓட்டினால், உள்ளே நீர் அலைமோதிக் கசடைக் கிளறும். நீரின் எடை ஒரு லிட்டருக்கு ஒரு கிலோ என்பதால், வண்டியின் எடை வரம்பைக் கருத்தில் கொள்ள வேண்டும்.

3. பீய்ச்சுக்கோல்: தோட்டக்குழாயின் முனையில் பொருத்தும் வளையும் கோலைக் கழிவறை வழியே இறக்கி, அழுத்த நீரால் கூம்பை உடைப்பது. கோல் உள்ளே இருக்கும்போது வால்வு திறந்திருக்க வேண்டும்.

4. பின்னோட்ட முறை: வெளியேற்றுக் குழாயில் ஒரு கருவியைப் பொருத்தி, நீரை எதிர்த்திசையில் தொட்டிக்குள் செலுத்துவது. வால்வின் வாயில் சிக்கிய தாளுக்கு இது ஏற்றது. நீர் தொட்டிக்குள் சேர்ந்துகொண்டே இருப்பதால் ஒருவர் அருகிலிருந்து அளவைக் கவனிக்க வேண்டும். கவனிக்காமல் விட்டால் கழிவு கழிவறை வழியாகவோ கூரைக் குழாய் வழியாகவோ பொங்கலாம். தொட்டியே வெடிக்கவும் கூடும்.

இவற்றில் எதுவும் பயன் தராவிட்டால், உயர் அழுத்த நீர்க்கருவி உள்ள தொழில்முறைச் சேவையாளரை அழைப்பதே நல்லது. இப்பணிகளுக்குப் பயன்படுத்தும் குழாயைக் குடிநீருக்கு ஒருபோதும் பயன்படுத்தக் கூடாது. இரண்டையும் வெவ்வேறு பெட்டிகளில், எளிதில் வேறுபடுத்தக்கூடிய நிறங்களில் வைத்துக்கொள்வது வழக்கம்.

தவிர்க்க வேண்டியவை

குளோரின் வெளுப்பான்: சிறுநீரிலிருந்து உருவாகும் அம்மோனியாவுடன் இது சேர்ந்தால் குளோரமீன் என்ற நச்சு வாயு உண்டாகும். கழிவைச் சிதைக்கும் நுண்ணுயிரிகளையும் இது கொல்லும்.

சாக்கடைக் கம்பி, அமிலத் தூள்: உலோகக் கம்பி தொட்டியைத் துளைக்கலாம், வால்வின் சீலைக் கிழிக்கலாம். வீட்டுச் சாக்கடை அடைப்புக்கான அமிலம், காரம் ஆகியவை சீல்களை அரிக்கும்.

பனிக்கட்டி: பனிக்கட்டிகளைக் கொட்டி வண்டியை ஓட்டினால் அவை உரசிச் சுத்தம் செய்யும் என்ற நம்பிக்கை பயணிகளிடையே உண்டு. ஆனால் பனிக்கட்டி நீரில் மிதக்கும், கசடோ அடியில் இருக்கும். கிடைக்கும் பலன் பெரும்பாலும் உருகிய நீரினால் வருவதே.

தடுக்கும் வழிகள்

வெளியேற்றிய பின் காலித் தொட்டியில் சில காலன் நீரை ஊற்றி அடித்தளத்தை மூடி வைப்பது முதல் விதி. ஒவ்வொரு முறையும் தாராளமாக நீர் விட வேண்டும். கருநீர்த் தொட்டியின் வால்வை எப்போதும் மூடியே வைத்து, மூன்றில் இரண்டு பங்காவது நிறைந்த பின்னரே திறக்க வேண்டும். நீர்மட்டம் உயர்ந்திருக்கும்போது ஓட்டம் வேகமாக இருப்பதால் திடக்கழிவும் அடித்துச் செல்லப்படும். கருநீரை முதலில் வெளியேற்றிவிட்டு, அதன்பின் சாம்பல்நீரைத் திறந்தால் சோப்பு கலந்த நீர் கழிவுக்குழாயையும் கழுவிவிடும்.

தாளைச் சோதிக்க எளிய வழி ஒன்றுண்டு. மூடியுள்ள கண்ணாடிக் குப்பியில் நீரும் ஓரிரு தாள்களும் இட்டுக் குலுக்க வேண்டும். துகள்களாகச் சிதைந்தால் அது ஏற்றது. முழுதாகவே நின்றால் தொட்டியிலும் அப்படியே நிற்கும். வண்டியை நெடுநாள் நிறுத்துமுன் தெளிந்த நீர் வரும்வரை தொட்டியை அலசுவது கசடு காய்வதைத் தடுக்கும்.

வேதிப்பொருட்களும் சுற்றுச்சூழலும்

வாடையை அடக்கப் பழைய தொட்டி மருந்துகளில் ஃபார்மால்டிகைடு பரவலாகச் சேர்க்கப்பட்டது. அது கழிவைக் கரைப்பதில்லை. நுண்ணுயிரிகளைக் கொன்று வாடையைத் தடுக்கிறது. பல முகாம் திடல்களின் கழிவு நகரச் சாக்கடைக்குச் செல்லாமல் செப்டிக் டேங்கில் சேர்கிறது. செப்டிக் டேங்க் இயங்குவதே நுண்ணுயிரிகளால்தான். அவை அழிந்தால் சிதையாத கழிவு மண்ணுக்குள் கசிந்து நிலத்தடி நீரைக் கெடுக்கும். இக்காரணத்தால் கலிபோர்னியா மாநிலம் ஃபார்மால்டிகைடு உள்ளிட்ட சில பொருட்கள் கலந்த தொட்டி மருந்துகளைச் சட்டப்படி தடைசெய்துள்ளது. அடைப்பு நீங்காத எரிச்சலில் கருநீரைச் சாலையோரத்திலோ காட்டிலோ திறந்துவிடுவதும் சட்டப்படி குற்றமாகும்.

ஐரோப்பிய முறை

ஐரோப்பாவின் பெரும்பாலான இழுவை வண்டிகளில் பெரிய கருநீர்த் தொட்டி கிடையாது. ஏறத்தாழ 20 லிட்டர் கொள்ளும், வெளியே உருவி எடுக்கத்தக்க சிறு பெட்டியே கழிவறையின் அடியில் உள்ளது. அதைக் கையால் எடுத்துச் சென்று கொட்டிக் கழுவுவதால் கசடு இறுகும் வாய்ப்பு குறைவு. ஆனால் சில நாட்களுக்கு ஒருமுறை அதைக் காலி செய்தாக வேண்டும்.