பன்னிரண்டு காரணிக்கு அறுபது

60-ஐ மீதியில்லாமல் வகுக்கும் எண்கள் பன்னிரண்டு: 1, 2, 3, 4, 5, 6, 10, 12, 15, 20, 30, 60. அதற்குக் கீழே உள்ள எந்த எண்ணுக்கும் இத்தனை காரணிகள் கிடையாது. இதைத் திருப்பிக் கேட்டால்தான் கணக்கு சுவைக்கிறது: காரணிகள் இத்தனை வேண்டும் என்றால், அதற்கான மிகச் சிறிய எண் எது?

ஒவ்வோர் எண்ணாக வகுத்துப் பார்க்க வேண்டியதில்லை. 60 = 2² × 3 × 5. இதன் காரணி ஒன்றை அமைக்கும்போது 2-ஐ விட்டுவிடலாம், ஒருமுறை எடுக்கலாம், இருமுறை எடுக்கலாம், மூன்று வழி. 3-க்கும் 5-க்கும் இரண்டிரண்டு வழி. ஆக 3 × 2 × 2 = 12. அதாவது, அடுக்கு ஒவ்வொன்றோடும் ஒன்றைக் கூட்டிப் பெருக்கினால் போதும்.

தேடலுக்கு இதே பாதையில் பின்னோக்கி நடக்க வேண்டும். பன்னிரண்டை 12, 6 × 2, 4 × 3, 3 × 2 × 2 என நான்கு விதமாகப் பிரிக்கலாம். ஒவ்வொன்றிலும் ஒன்றைக் கழித்து, பெரிய அடுக்கைச் சிறிய பகா எண்ணுக்குக் கொடுத்தால் 2048, 96, 72, 60 கிடைக்கின்றன. சிறியது 60.

பதினொன்றைப் பிரிக்க முடியாது. அது பகா எண். எனவே 2¹⁰ = 1024 தான் விடை. பத்துக் காரணிக்கு 48, பன்னிரண்டுக்கு 60; நடுவில் இப்படியொரு தாவல்!

முடிந்தவரை பிரிப்பதே சிக்கனம் என்று தோன்றும். எட்டில் அது பொய்க்கிறது. 2 × 2 × 2 என்று பிரித்தால் 30; 4 × 2 என்றால் 24. காரணம் அழகானது. 6-க்கு நான்கு காரணிகள். அதை எட்டாக்க 5-ஆல் பெருக்கலாம். அல்லது 4-ஆல் பெருக்கி 2-இன் அடுக்கை மூன்றாக்கலாம். 4 மலிவு. காரணிகளை இப்படியே இரட்டித்துக்கொண்டு போனால், பெருக்க வேண்டியவை 2, 3, 4, 5, 7, 9 என வரிசையாக வருகின்றன. எண்கள் 2, 6, 24, 120, 840, 7560.

தனக்குக் கீழுள்ள எல்லா எண்களையும்விட அதிகக் காரணிகள் கொண்ட எண்களை ராமானுஜன் 1915-இல் வெளியான நீண்ட கட்டுரையில் ஆராய்ந்தார். கணினி இல்லாத அந்தக் காலத்தில் அவருடைய பட்டியல் 10080 காரணிகள் கொண்ட 6746328388800 வரை சென்றது. விடுபட்டது 293318625600 ஒன்றே. இவ்வகை எண்களில் கடைசிப் பகா எண்ணின் அடுக்கு எப்போதும் 1 தான் என்றும் அவர் நிறுவினார். விதிவிலக்குகள் இரண்டு: 4, 36.