பூனையைக் காட்டிச் சிறுத்தையைச் சொல்வோம்

தேன்கனிக்கோட்டைப் பகுதியில் ஆறாம் வகுப்பு மாணவரிடம் சிறுத்தையைப் பற்றிக் கேட்டால் பாடநூலைப் புரட்டமாட்டார். பக்கத்து ஊரில் ஆட்டைத் தூக்கியது, தாத்தா ஏரிக்கரையில் பார்த்தது என்று ஆளுக்கொரு கதை வரும். பாதி உண்மை, மீதி பயம். 2014-இல் அறிவிக்கப்பட்ட காவிரி வடக்கு வனவிலங்குச் சரணாலயமும், 2022-இல் அறிவிக்கப்பட்ட காவிரி தெற்கு சரணாலயமும் எங்கள் பக்கத்துக் காடுகள்தான். காட்டோர ஊர்களிலிருந்து நடந்து வரும் பிள்ளைகளுக்குச் சிறுத்தை வெறும் படம் அல்ல.

சிறுத்தையை வகுப்பறைக்குக் கொண்டுவர முடியாது. அதன் சிறிய உறவினரோ பல வீடுகளில் அடுப்படியிலேயே படுத்திருக்கிறது. அதனால் நான் பூனையிலிருந்தே பாடத்தைத் தொடங்குகிறேன்.

முதலில் பெயர். எங்கள் வகுப்பில் தமிழும் தெலுங்கும் கன்னடமும் கலந்தே ஒலிக்கும். பூனை, பில்லி, பெக்கு என்று மூன்று மொழியிலும் மூன்று சொல். சிறுத்தை என்றதும் தெலுங்குப் பிள்ளைகள் 'சிருத' என்பார்கள், கன்னடப் பிள்ளைகள் 'சிரதெ' என்பார்கள். மூன்றும் ஒன்றுபோல இருப்பதை அவர்களே கண்டுபிடிப்பார்கள். 2022 செப்டம்பரில் நமீபியாவிலிருந்து மத்தியப் பிரதேசத்தின் குனோவுக்கு வந்தது வேறு விலங்கு, சிவிங்கிப்புலி. அதன் உடலில் இருப்பவை நிறைந்த கரும்புள்ளிகள். கண்ணிலிருந்து வாய்வரை ஒரு கறுப்புக் கோடும் இறங்கும். நம் சிறுத்தைக்கு இருப்பவை ரோஜாப்பூ போன்ற வளையங்கள். கருஞ்சிறுத்தையும் தனி இனம் அல்ல. கருமை நிறமி மிகுந்து பிறந்த சிறுத்தைதான். வெயிலில் பார்த்தால் அதன் உடலிலும் வளையங்கள் தெரியும்.

அடுத்தது நகம். பூனை நகத்தை உள்ளே இழுத்துக்கொள்கிறது என்று சொல்லிப் பழகிவிட்டோம். உண்மையில் சும்மா இருக்கும்போது மீள்தன்மையுள்ள நார்கள் நகத்தை உறைக்குள் வைத்திருக்கின்றன. தசை இழுக்கும்போதுதான் நகம் வெளியே வரும். நடக்கும்போது தேயாததால் கூர்மை குறைவதில்லை. சத்துணவுக்கூடத்தின் பக்கம் ஈர மணலைப் பரப்பி வையுங்கள். மறுநாள் நாயின் தடமும் பூனையின் தடமும் கிடைக்கலாம். நாய்த்தடத்தில் விரலுக்கு முன்னால் நகக்குறி இருக்கும், பூனைத்தடத்தில் பெரும்பாலும் இருக்காது. பூனைக்கு முன்காலில் ஐந்து விரல் இருந்தாலும் தரையில் பதிவது நான்குதான். சிறுத்தையின் தடமும் இதே அமைப்புதான், அளவு மட்டுமே பெரிது. வயலில் பார்த்த தடத்தில் நகக்குறி இருந்தால் அது நாயாகவே இருக்கலாம் என்று தெரிந்த பிள்ளை வீட்டில் பாதிப் பயத்தைக் குறைத்துவிடும்.

கண்ணிலும் இப்படித்தான். விழித்திரைக்குப் பின்னால் கண்ணாடி போன்ற ஓர் அடுக்கு, உள்ளே வந்த ஒளியைத் திருப்பி அனுப்புகிறது. விழித்திரைக்கு அந்த ஒளி இரண்டாம் முறையும் கிடைப்பதால் மங்கலான வெளிச்சமே போதும். டார்ச் அடித்தால் கண் மின்னுவதும் அதனால்தான். ஆனால் மாடு, நாய், மான் கண்களும் இரவில் மின்னும். மின்னிய கண்ணெல்லாம் சிறுத்தை அல்ல. பகலில் பூனையின் கண்மணி செங்குத்துக் கோடாகச் சுருங்கும். சிறுத்தைக்கோ வட்டமாகவே இருக்கும்.

குரலும் வேறு. மடியில் படுத்த பூனை 'குர்குர்' என்கிறது. சிறுத்தையின் குரல் ரம்பத்தால் மரம் அறுப்பது போலிருக்கும். இதை நான் மேசையில் மரத்துண்டைத் தேய்த்துக் காட்டுவேன், வகுப்பு அமைதியாகிவிடும்!

மேல்நிலை வகுப்பு எடுப்பவர்களுக்கு இரண்டு செய்திகள். தலைகீழாக விழும் பூனை எப்படிக் காலூன்றுகிறது என்பதை 1894-இல் எத்தியேன் ஜூல் மாரே தொடர்படங்களாக எடுத்துக் காட்டினார். உடலின் முன்பாதியையும் பின்பாதியையும் தனித்தனியாகத் திருப்புவதால் மொத்தக் கோண உந்தம் மாறாமலே அது புரண்டுவிடுகிறது. இன்னொன்று மரபியல்: இனிப்பை உணரும் ஏற்பிக்கான மரபணு ஒன்று பூனையில் செயலிழந்திருப்பது 2005-இல் தெரியவந்தது. புலிக்கும் அப்படியே. பாயசம் வைத்தாலும் பூனைக்கு இனிப்பு தெரியாது.

வீட்டில் கவனிக்க நான் தரும் வேலை, பூனை அணிலைப் பிடிக்கப் போவதைப் பார்ப்பது. உடலைத் தரையோடு தாழ்த்தும், காத்திருக்கும், அருகில் வந்த பிறகே பாயும். முன்கால் பட்ட இடத்திலேயே பின்காலை வைப்பதால் சருகுகூடச் சத்தமிடாது. சிறுத்தையின் வேட்டையும் இதுவே: மறைந்திருந்து, குறைந்த தூரம் பாய்தல். இதைப் பார்த்த பிள்ளைகளிடம் இருட்டியபின் தனியாகப் போகாதே, சத்தமாகப் பேசிக்கொண்டு கூட்டமாக நட, புதரருகே குனிந்து உட்காராதே, கண்டால் ஓடாதே என்று சொன்னால் காரணம் கேட்கமாட்டார்கள். ஊருக்குள் வந்த சிறுத்தையைக் கூட்டம் சூழ்ந்தால், தப்ப வழியில்லாமல் அது பாயும் என்பதும் மூலையில் மாட்டிய பூனையைப் பார்த்தவருக்குப் புரியும்.

இந்தச் செயல்பாடுகளில் பூனையைத் தொடவேண்டியதில்லை. தள்ளி நின்று பார்த்தால் போதும். பூனை வழியாகவும் ரேபிஸ் பரவும். பிறாண்டினாலோ கடித்தாலோ சோப்பும் ஓடும் நீரும் கொண்டு 15 நிமிடம் கழுவி, அன்றே ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அனுப்பிவிடுங்கள்.