கிளிஞ்சல் அட்டையும் அவசரப் பசையும்

கிறிஸ்துமஸ் நெருங்கினால் தூத்துக்குடியின் கடலோரத் தெருக்களில் குடில் ஜோடனை, காகித நட்சத்திரம், கிளிஞ்சல் பதித்த வாழ்த்து அட்டை என்று கைவேலை தொடங்கிவிடும். அதே மாதங்களில்தான் நமக்கு வடகிழக்குப் பருவமழையும். அட்டை வேலையின் ஆபத்து இந்த இரண்டும் சேரும் இடத்தில் ஆரம்பிக்கிறது.

பெவிகால் என்று நாம் கேட்டு வாங்கும் வெள்ளைப் பசை, தண்ணீரில் கலந்த பாலிவினைல் அசிட்டேட். அதிலுள்ள தண்ணீர் காகிதத்துக்குள்ளும் காற்றிலும் போய்ச் சேர்ந்தால்தான் அது இறுகும். அடைமழையில் காற்றே ஈரமாக இருக்கும்போது தண்ணீர் எங்கே போகும்? காலையில் ஒட்டிய கிளிஞ்சல் மாலையிலும் நழுவும். நாளைக்கு ஐம்பது அட்டை கொடுத்தாக வேண்டும் என்ற நெருக்கடியில், கை தானாக இரண்டு பசைகளிடம் போகிறது. ஒன்று, பெவிக்விக் என்று கேட்டு வாங்கும் சொட்டுப் பசை. மற்றொன்று ரப்பர் சொல்யூஷன். சாரல் அடிக்கிறது என்று ஜன்னலும் சாத்தியிருக்கும்.

சொட்டுப் பசையின் வேதிப்பெயர் சயனோஅக்ரிலேட். வெள்ளைப் பசைக்கு நேர்மாறாக, இது காற்றின் ஈரத்தைக் கொண்டுதான் இறுகுகிறது. அதனால் மழை நாளில் இன்னும் சுறுசுறுப்பாக ஒட்டும். கூடவே அதன் ஆவி கிளிஞ்சலின் மினுமினுப்பின் மேல் வெள்ளைப் பூச்சாகப் படிந்து, அட்டையின் அழகையும் கெடுக்கும்.

அழகு கெடுவதைவிடப் பெரிய ஆபத்து பஞ்சில் இருக்கிறது. கிளிஞ்சலைக் கவிழ்த்து வைத்தால் அதன் விளிம்பு மட்டுமே காகிதத்தைத் தொடும். உட்புறம் குழிவாக நிற்கும். பிடிப்பு வருவதற்காக அந்தக் குழிவில் பஞ்சை அடைத்துப் பசை விடுவது எளிய வழி. வெள்ளைப் பசை என்றால் இதில் தவறே இல்லை. ஆனால் பஞ்சின் மேல் சயனோஅக்ரிலேட் பட்டால், அந்த நொடியே வினை வேகமெடுத்துக் கடும் சூடு கிளம்பும். புகை வரும், விரல் பொசுங்கும். பருத்திச் சேலை முந்தானை, கைத்துண்டு, பருத்திக் கையுறை எதில் சிந்தினாலும் இதே கதிதான். ஆகவே பஞ்சு இருக்கும் வேலையில் சொட்டுப் பசை வேண்டவே வேண்டாம்.

விரலோடு விரல் ஒட்டிக்கொண்டால் பிய்க்கக் கூடாது; தோல் உரிந்து வந்துவிடும். வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் ஊறவைத்து, மெல்ல உருட்டி விலக்க வேண்டும். கண்ணில் தெறித்தால் இமையை வலிந்து திறக்காதீர்கள். நெயில் பாலிஷ் ரிமூவரைக் கண்ணருகே கொண்டு போகவே கூடாது. சுத்தமான தண்ணீரால் கால் மணி நேரம் கழுவி, ஈரத்துணியால் லேசாக மூடி, நேரே கண் மருத்துவரிடம் போங்கள். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை ஊருக்குள்ளேயே இருக்கிறது. பசையின் டியூபையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள். டாக்டருக்கு அதில் எழுதியிருப்பது உதவும்.

ரப்பர் சொல்யூஷனின் கெடுதல் உடனே தெரியாது. அதில் டொலுவீன், ஹெக்சேன் போன்ற கரைப்பான்கள் இருக்கலாம். 1960-களில் ஜப்பானில் வீட்டிலிருந்தே செருப்பு ஒட்டும் வேலை செய்தவர்களுக்குக் கை கால் மரத்து, நடையே தளர்ந்தது. பசையிலிருந்த ஹெக்சேன் நரம்பைத் தாக்கியதுதான் காரணம் என்று கண்டறிந்தார்கள். காற்றோட்டமில்லாத சிறு அறை, மணிக்கணக்கான வேலை, சமையலும் தூக்கமும் அதே இடத்தில் என்பதுதான் அவர்கள் நிலைமை. நம் வீடுகளுக்கும் அந்த வீடுகளுக்கும் என்ன வித்தியாசம்? தலை கிறுகிறுத்தால் வேலையை நிறுத்திவிட்டு வெளியே வாருங்கள். இந்தப் பசையின் ஆவி எளிதில் தீப்பற்றும். எரியும் அடுப்போ விளக்கோ இருக்கும் அறையில் டப்பாவைத் திறக்காதீர்கள். பிள்ளைகள் அதை முகரப் பழகும் அபாயமும் உண்டு. ஆகவே வாழ்த்து அட்டை வேலைக்கு ரப்பர் சொல்யூஷன் தேவையே இல்லை என்பது என் உறுதியான கருத்து.

நாமே காய்ச்சும் பசை என்றால் பயமில்லை என்று நினைப்பவர்களுக்கும் ஒரு சொல். மைதாப் பசையைப் பூச்சி அரிக்காமல், பூசணம் பூக்காமல் இருக்க மயில்துத்தம் கலக்கும் வழக்கம் சுவரொட்டி, பைண்டிங் வேலைகளில் உண்டு. மயில்துத்தம் என்பது காப்பர் சல்பேட், விஷம். சமையல் சட்டியில் அதைக் காய்ச்சுவதும், அந்தக் கையோடு பிள்ளைக்குச் சோறு ஊட்டுவதும் ஆகாது. மாவுப் பசையை அன்றன்றைக்கு வேண்டிய அளவு காய்ச்சினால் துத்தத்துக்கு அவசியமே இல்லை. வறுத்துத் தோல் நீக்கிய புளியங்கொட்டையை அரைத்துக் காய்ச்சும் பசையும் காகிதத்துக்கு நல்ல பிடிப்புத் தரும்.

அப்படியானால் மழைக்காலத்தில் வெள்ளைப் பசையை வைத்துச் சமாளிப்பது எப்படி? கிளிஞ்சலைக் கழுவுவதில்தான் பாதி வேலை. கடலிலிருந்து வந்த கிளிஞ்சலில் உப்பு நிற்கும். உப்பு ஈரத்தை இழுக்கும். இதை உப்பளத்து ஊருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. நல்ல தண்ணீரில் இரவு முழுக்க ஊறப்போட்டு, தண்ணீரை இரண்டு மூன்று முறை மாற்றி, பிரஷால் தேய்த்து, ஈரமே இல்லாமல் காயவையுங்கள். பிறகு விளிம்பை உப்புத்தாளில் தேய்த்துத் தட்டையாக்குங்கள். இவ்வளவு செய்துவிட்டால் வெள்ளைப் பசையே போதும். காகிதத்தோடு காகிதம் ஒட்டும்போது பசையைக் கொட்டாமல் பிரஷால் மெல்லிசாகத் தடவி, மேலே பாரம் வைத்தால் அட்டை சுருங்காது. மின்விசிறிக் காற்றில் ஒரு முழு நாள் விடுங்கள். கனமான சங்குக்கு மட்டும் இரண்டு டியூப் கலக்கும் எபாக்ஸி. அது தோலில் அரிப்பு உண்டாக்கும், பிளாஸ்டிக் கையுறை போட்டுக்கொள்ளுங்கள்.

இடையில் ஒன்று: அட்டை எவ்வளவு அழகாக வந்தாலும் காய்ந்த கடல்குதிரையையும் பவளத்துண்டையும் அதில் ஒட்டாதீர்கள். இரண்டும் வனவுயிர் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ளவை. வைத்திருப்பதே குற்றம்.

இனி உரிமை. தொழிலுக்காக வாங்கிய பொருளுக்கு நுகர்வோர் வழக்குப் போட முடியாது என்று சொல்லிச் சுய உதவிக் குழுப் பெண்களைத் திருப்பி அனுப்புபவர்கள் உண்டு. நம்பாதீர்கள். சுயதொழில் செய்து பிழைப்பு நடத்துவதற்காக மட்டும் வாங்கிய பொருள் என்றால், 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி நீங்களும் நுகர்வோர்தான். போதிய எச்சரிக்கை அச்சிடாமல் விற்ற பசையால் காயம் பட்டால் தயாரிப்பாளர் இழப்பீடு தர வேண்டும். தயாரித்தவர் யாரென்றே தெரியாத பசை என்றால் விற்ற கடைக்காரர் பொறுப்பாகலாம். லேபிள் இல்லாத டப்பாவில் ஊற்றிக் கொடுக்கும் பசைக்கு இது பொருந்தும். ஆனால் பஞ்சில் படக்கூடாது என்று உறையில் அச்சிட்டிருந்தும் அப்படியே பயன்படுத்தினால் வழக்கு வலுவிழக்கும். பொடி எழுத்தையும் வாசித்துவிடுங்கள்.

உறையிட்ட பொருளில் தயாரிப்பாளர் பெயர், முகவரி, அளவு, அதிகபட்ச விலை, தயாரித்த மாதம், புகார் எண் எல்லாம் இருக்க வேண்டும் என்பது 2011-ஆம் ஆண்டின் சட்டமுறை எடையளவு விதி. வாங்கும்போதே பில் கேளுங்கள். காயம் பட்டால் பில், டியூப், மருத்துவச் சீட்டு, புகைப்படம் இவற்றைச் சேர்த்து வையுங்கள். முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் கொடுக்கலாம். அதில் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். கம்பெனி மும்பையில் இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் தூத்துக்குடியிலேயே மனுப் போடலாம். பொருளுக்குக் கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் கிடையாது. வக்கீல் வைக்காமல் நீங்களே வாதாடலாம். கெடு, சம்பவம் நடந்த நாளிலிருந்து 2 ஆண்டு.

பிள்ளைகள் பசையையோ துத்தத்தையோ விழுங்கிவிட்டால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள். 108-ஐ அழையுங்கள். டில்லி எய்ம்ஸின் தேசிய நச்சுத் தகவல் மையத்தை 1800 116 117 என்ற இலவச எண்ணில் எந்நேரமும் கேட்கலாம்.