ருமேனியாவிலிருந்து ஒரு நாய்: வண்டி ஏறும் முன் கேட்க வேண்டியவை

ஒரு காது மடங்கிய நாய்க்குட்டி கம்பி வலைக்குப் பின்னால் நிற்கும் படம் கைப்பேசிக்கு வருகிறது. கீழே, வெள்ளிக்கிழமைக்குள் இடம் கிடைக்காவிட்டால் கொன்றுவிடுவார்கள் என்று எழுதியிருக்கிறது. பிள்ளைகள் அழுகிறார்கள். இரவு பத்து மணிக்கு விண்ணப்பம் போகிறது. மறுநாள் ஒருவர் காணொளி அழைப்பில் வீட்டைச் சுற்றிப் பார்க்கிறார், பல நூறு பவுண்டு கட்டணம் கை மாறுகிறது. சில வாரங்களில் நெடுஞ்சாலை ஓய்விடம் ஒன்றின் கார் நிறுத்தத்தில், விடியற்காலையில், வெள்ளை வேன் ஒன்றிலிருந்து நடுங்கும் நாயை இறக்கிக் கொடுக்கிறார்கள். பிரிட்டனில் பல குடும்பங்களுக்கு வெளிநாட்டு மீட்பு நாய் இப்படித்தான் வந்து சேர்கிறது. லண்டன் தமிழ்க் குடும்பங்களும் இதற்கு விலக்கல்ல.

அந்த வெள்ளிக்கிழமை மிரட்டல் முழுப் பொய் என்று சொல்லிவிட முடியாது. ருமேனியாவின் கம்யூனிஸ்ட் சர்வாதிகாரி சௌசெஸ்குவின் ஆட்சியில் தலைநகர் புக்கரெஸ்டின் பழைய வீடுகளை இடித்து மக்களை அடுக்குமாடிகளுக்கு மாற்றியபோது அவர்களுடைய நாய்கள் தெருவில் நின்றன. இன்றைய தெருநாய்க் கூட்டத்துக்கு அது ஒரு முக்கியக் காரணம். 2013 செப்டம்பரில் புக்கரெஸ்டில் நான்கு வயதுச் சிறுவன் நாய்களால் கொல்லப்பட்ட பிறகு வந்த சட்டம், பிடிபட்ட நாயை யாரும் ஏற்காவிட்டால் 14 வேலை நாள் கெடுவுக்குப் பின் கொல்ல அனுமதிக்கிறது. ஆகவே பல அமைப்புகளின் அவசரம் உண்மையானது. ஆனால் அவர்களுடைய அவசரத்தை உங்கள் அவசரமாக்கிக்கொள்ள வேண்டியதில்லை. பரிசோதனை செய்யாத, நேரில் பார்க்காத நாயை வீட்டுக்குள் விடாதீர்கள் என்பதே என் கட்சி. கல்நெஞ்சம் என்று திட்டினாலும் பரவாயில்லை.

முதலில் சட்டம் இதை எப்படிப் பார்க்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். உங்கள் சொந்த நாயோடு ஸ்பெயினுக்கு விடுமுறை போய்த் திரும்புவது ஒரு வகை. ஓர் அமைப்பு நாயை அனுப்பி, நீங்கள் கட்டணம் கட்டி ஏற்றுக்கொள்வது வேறு வகை. பின்னதைப் பிரிட்டிஷ் விதிகள் வணிக இறக்குமதி என்றே கணக்கிடுகின்றன. அமைப்பு லாப நோக்கற்றது, தொண்டர்கள் சம்பளம் வாங்குவதில்லை என்பதெல்லாம் இங்கே செல்லாது. வணிக இறக்குமதி என்றால் நாய் பதிவு பெற்ற இடத்திலிருந்து கிளம்ப வேண்டும். புறப்படுவதற்கு முந்தைய 48 மணி நேரத்துக்குள் கால்நடை மருத்துவர் பார்த்திருக்க வேண்டும். அரசு அங்கீகாரம் பெற்ற மருத்துவர் கையெழுத்திட்ட உடல்நலச் சான்றிதழ் கூடவே வர வேண்டும். வருகையை முன்கூட்டியே அரசின் இணையப் பதிவில் தெரிவித்திருக்க வேண்டும். இந்தச் செலவை மிச்சம் பிடிக்கச் சிலர் குறுக்கு வழியில் போகிறார்கள். சொந்தச் செல்லப்பிராணியாக ஒருவர் ஐந்து வரை கொண்டுவரலாம் என்ற விதியைப் பிடித்துக்கொண்டு, மீட்பு நாய்களை ஓட்டுநரின் நாய்கள் என்று காட்டிக் கடத்திவிடுகிறார்கள். பிடிபட்டால் நாய் தனிமைக் காப்பகத்துக்குப் போகும். அங்கே நான்கு மாதம் வரை வைத்திருக்கலாம். அந்தச் செலவு யார் தலையில் விழும் என்று கட்டணம் கட்டும் முன்னரே கேட்டுவிடுங்கள்.

நாயோடு வரும் நீலநிற ஐரோப்பிய பாஸ்போர்ட்டைத் திறந்து நீங்களே பார்க்கக் கற்றுக்கொள்வது நல்லது. மைக்ரோசிப் எண்ணின் ஒட்டுத்தாள் இருக்கும் பக்கத்தில் சிப் பொருத்திய தேதியைப் பாருங்கள். அடுத்து ரேபிஸ் தடுப்பூசிப் பக்கம். சிப் முதலில், ஊசி பிறகு என்பதுதான் சரியான வரிசை. சிப்புக்கு முன் போட்ட ஊசி கணக்கில் வராது. ஊசி போடும்போது குட்டிக்குக் குறைந்தது 12 வாரமாவது ஆகியிருக்க வேண்டும், அதன்பின் 21 நாள் காத்திருக்க வேண்டும். அப்படியென்றால் 15 வாரத்துக்கும் குறைந்த குட்டி சட்டப்படி வந்திருக்க முடியாது. பாஸ்போர்ட்டில் நாலு மாதம் என்று எழுதியிருக்க, கையில் இருப்பது பால்பல் விழாத பிஞ்சுக் குட்டியாக இருந்தால் ஏதோ தப்பு நடந்திருக்கலாம். கடைசியாக நாடாப்புழு மருந்துப் பதிவு. ருமேனியாவிலிருந்து வருவதானால், பிரிட்டனுக்குள் நுழைவதற்கு 24 மணி முதல் 120 மணி நேரத்துக்குள் மருத்துவர் மருந்து கொடுத்து, தேதியும் நேரமும் எழுதியிருக்க வேண்டும். இந்தப் பக்கங்களின் புகைப்படங்களை நாய் கிளம்பும் முன்பே கேட்டு வாங்குங்கள். தர மறுக்கும் அமைப்போடு மேற்கொண்டு பேச வேண்டாம்.

காகிதம் சரியாக இருப்பது மட்டும் போதாது. 2021 ஜூனில் அஜர்பைஜானிலிருந்து சிகாகோவுக்கு வந்த 33 மீட்பு நாய்களில் ஒன்றுக்கு, பென்சில்வேனியாவில் ஒரு குடும்பத்தோடு வாழ ஆரம்பித்த சில நாட்களில் ரேபிஸ் என்று தெரியவந்தது. அதன் தடுப்பூசிச் சான்றில் குறை எதுவும் இல்லை. ஊசிதான் பலன் தரவில்லை. அடுத்த மாதமே ரேபிஸ் அபாயமுள்ள நூற்றுக்கும் மேற்பட்ட நாடுகளிலிருந்து நாய்கள் வருவதை அமெரிக்கா தற்காலிகமாக நிறுத்திவைத்தது.

ரேபிஸ் பயம் எல்லோருக்கும் உண்டு. ருமேனிய நாய்களைப் பொறுத்தவரை பிரிட்டிஷ் கால்நடை மருத்துவர்கள் அதிகம் கவலைப்படுவது ப்ரூசெல்லா கேனிஸ் என்ற பாக்டீரியாவைப் பற்றி. பெரும்பாலான குடும்பங்கள் இந்தப் பெயரைக் கேள்விப்படுவதே நாய் வீட்டுக்கு வந்த பிறகுதான். நாய்களில் இது கருச்சிதைவு, மலட்டுத்தன்மை, விதைவீக்கம், முதுகெலும்பு வலி என்று வெளிப்படும். பல நாய்களில் எந்த அறிகுறியும் இருக்காது. குட்டி போடும்போது வெளியாகும் திரவங்கள், இனப்பெருக்க உறுப்புச் சுரப்பு, சிறுநீர் ஆகியவை வழியே பரவும். மனிதருக்கு வந்தால் விட்டுவிட்டுக் காய்ச்சல், வியர்வை, மூட்டுவலி, சோர்வு. மனிதரில் நுண்ணுயிர்க்கொல்லி மருந்தால் குணமாக்கலாம். நாயில் அப்படியல்ல: மருந்து கொடுத்தாலும் கிருமி முற்றாக ஒழிந்ததாக எடுத்துக்கொள்ள முடியாது, வாழ்நாள் முழுதும் அது சுமந்துகொண்டே இருக்கலாம்.

முன்பு அரிதாக இருந்த இந்த நோய் 2020-க்குப் பிறகு பிரிட்டனில் கூடுதலாகத் தென்பட, 2021-ல் ஆய்வகங்கள் அரசுக்குத் தெரிவிக்க வேண்டிய நோய்களின் வரிசையில் சேர்க்கப்பட்டது. நாயிடமிருந்து மனிதருக்குத் தொற்றியது பிரிட்டனில் முதன்முறையாக 2022-ல் உறுதியானது. பொதுமக்களுக்கான அபாயம் மிகக் குறைவு என்பதே பொதுச் சுகாதாரத் துறையின் மதிப்பீடு. அதை நான் மறுக்கவில்லை. ஆனால் நம் வீடுகளை நினைத்துப் பாருங்கள். ஒரே கூரையின் கீழ் கர்ப்பிணி மருமகள், கைக்குழந்தை, சிறுநீரக மாற்றுச் சிகிச்சை செய்து எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் மாத்திரை சாப்பிடும் அப்பப்பா. பொதுமக்களுக்குக் குறைவான அபாயம் இவர்களுக்கும் அதே அளவு என்று எடுத்துக்கொள்ள முடியாது.

தொற்று உறுதியானால் நாயைக் கருணைக்கொலை செய்யச் சட்டம் கட்டாயப்படுத்தாது. ஆனால் அபாயத்தை முழுவதுமாக நீக்க அதைத் தவிர வழியில்லை என்பதால் மருத்துவர்கள் அந்தப் பேச்சை எடுப்பார்கள். இல்லையென்றால் கருத்தடை, தொடர் மருந்து, மற்ற நாய்களிடமிருந்து விலக்கிவைத்தல், ஆண்டுக்கணக்கில் எச்சரிக்கை. பிள்ளைகள் பெயர் வைத்துக் கட்டிலுக்கடியில் படுக்க வைத்த நாயைப் பற்றி இந்த முடிவை எடுக்கிற நிலை எந்தப் பெற்றோருக்கும் வரக் கூடாது. ஆகவேதான் ரத்தப் பரிசோதனை நாய் வண்டி ஏறும் முன் நடக்க வேண்டும். அரசு ஆய்வகம் இரண்டு வகை ரத்தச் சோதனைகளைச் செய்கிறது. ஒன்று மட்டும் செய்து திருப்திப்பட வேண்டாம். நாய் கிருமியோடு தொடர்புகொண்ட பின் ரத்தத்தில் எதிர்ப்பொருள் தெரிய மூன்று மாதம் வரை ஆகலாம் என்பதால், இங்கே வந்து மூன்று மாதம் கழித்து மறுபடியும் சோதிக்க வேண்டும். இதைச் சொல்லாமல் நெகட்டிவ், கவலை இல்லை என்று மட்டும் சொல்லும் அமைப்பு பாதி உண்மையைத்தான் சொல்கிறது. வெளிநாட்டு நாய்க்கு இந்தச் சோதனை முடிவு இல்லாமல் அவசரமற்ற அறுவை சிகிச்சை செய்ய மாட்டோம் என்று சொல்லும் மருத்துவமனைகளும் உண்டு. தங்கள் ஊழியரைக் காக்க அவர்கள் அப்படிச் சொல்கிறார்கள், கோபப்பட்டுப் பயனில்லை.

ஸ்பெயின், கிரீஸ், சைப்ரஸ் நாய் என்றால் கேட்க வேண்டியது லீஷ்மேனியா பற்றி. மணல் ஈ கடித்துப் பரவும் இந்த நோய் ஆண்டுக்கணக்கில் உள்ளே ஒளிந்திருந்து, பிறகு தோல் உரிதல், மெலிதல், மூக்கில் ரத்தம் என்று வெளிவரும். வாழ்நாள் மாத்திரைதான். கொசுவால் வரும் இதயப்புழு, உண்ணியால் வரும் பேபீசியா, எர்லிக்கியா ஆகியவற்றுக்கும் சோதனை உண்டு. வெளிநாட்டு நோய் வெளிநாட்டு நாயோடு நின்றுவிடும் என்று நினைக்க வேண்டாம்: 2016 வாக்கில் எசெக்ஸின் ஹார்லோவில் ஒருபோதும் பிரிட்டனைவிட்டு வெளியே போகாத நாய்களுக்கே பேபீசியா வந்தது. வருமுன் இருந்த நோய்க்குக் காப்பீட்டு நிறுவனம் பணம் தராது என்பதையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள்.

உடல் நோயைச் சோதனையில் பிடிக்கலாம், மன அச்சத்தைப் பிடிக்க முடியாது. தெருவிலும் கூண்டிலும் வளர்ந்த நாய் படிக்கட்டையோ சலவை இயந்திரத்தையோ பார்த்தே இருக்காது. முதல் சில வாரங்களில் கதவு இடுக்கு வழியே ஓடிவிடுவதுதான் அதிகம் நடக்கும் விபத்து. உடல்பட்டையிலும் கழுத்துப்பட்டையிலும் தனித்தனிக் கயிறு கட்டி நடத்துங்கள். வேலியிட்ட தோட்டத்திலும் அவிழ்க்க வேண்டாம். வரவேற்பு விருந்து வைத்து சொந்தக்காரர் எல்லோரையும் கூப்பிடுவது அந்த நாய்க்குச் செய்யும் கொடுமை. தீபாவளிக்கும் நவம்பர் 5-க்கும் இடைப்பட்ட வெடிச்சத்தக் காலத்தில் புது நாயை வரவழைப்பதும் அப்படியே. கடித்துவிட்டால் பொறுப்பு உங்களுடையது: 2014 முதல் ஆபத்தான நாய்கள் சட்டம் வீட்டுக்குள் நடப்பதற்கும் பொருந்தும். அந்தச் சட்டம் தடை செய்யும் நாய்களை இனச் சான்றை வைத்து அல்ல, தோற்றத்தை வைத்தே முடிவு செய்கிறார்கள். அகன்ற தலையும் தடித்த உடலுமாகப் படத்தில் தெரியும் கலப்பின நாயைத் தேர்ந்தெடுக்கும் முன் அளவுகளையும் கேளுங்கள்.

நம் ஊர் நாய் விஷயத்தையும் இங்கே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் விடுமுறைக்குப் போன பிள்ளைகள் யாழ்ப்பாணத்திலோ மதுரையிலோ பின்னால் வந்த நாயைக் கூட்டிப்போகலாமா என்று கேட்பார்கள். பிரிட்டனுக்கு என்றால் ரேபிஸ் ஊசி போட்டுக் குறைந்தது 30 நாள் கழித்து ரத்தம் எடுத்து, போதிய எதிர்ப்புச் சக்தி இருப்பதை நிரூபித்து, ரத்தம் எடுத்த நாளிலிருந்து மேலும் மூன்று மாதம் காத்திருக்க வேண்டும். கனடாவில் கதவு இன்னும் இறுக்கம். ஈரானிலிருந்து மீட்டுக் கொண்டுவந்த நாய்களுக்கு 2021-லும் 2022-லும் ஒன்டாரியோவில் ரேபிஸ் கண்டுபிடிக்கப்பட்ட பிறகு, 2022 செப்டம்பர் 28 முதல் அபாய நாடுகளிலிருந்து வணிக நாய்கள் நுழையத் தடை. தத்தெடுப்புக்கு அனுப்பப்படும் நாயும் அதில் அடக்கம். இந்தியாவும் இலங்கையும் அந்தப் பட்டியலில் இருக்கின்றன. டொரொன்டோவில் யாராவது இலங்கை நாயைத் தத்துக் கொடுக்கிறேன் என்று முன்பணம் கேட்டால் அதன் பொருள் என்ன என்று இப்போது உங்களுக்குத் தெரியும்.

பிரிட்டனுக்கே திரும்புவோம். இங்கிலாந்தில் மீட்பு அமைப்பு நடத்த உரிமம் தேவையில்லை. ஸ்காட்லாந்தில் 2021 முதல் உரிம முறை இருக்கிறது. அதனால் இங்கிலாந்தில் இருப்பவர்கள் அறக்கட்டளை ஆணையத்தின் பதிவேட்டில் பெயரைத் தேடுங்கள். தத்தெடுப்பு ஒப்பந்தத்தைக் கையெழுத்துக்கு முன் வரி வரியாகப் படியுங்கள். நாயின் உரிமை யாரிடம், சரிப்பட்டு வராவிட்டால் பிரிட்டனுக்குள்ளேயே யார் திரும்ப எடுத்துக்கொள்வார் என்பவை எழுத்தில் இருக்க வேண்டும். வாடகை வீட்டில் இருப்பவர்கள் உரிமையாளரின் எழுத்துப்பூர்வ அனுமதியை நாயைத் தேடத் தொடங்கும் முன் வாங்குங்கள். என்னைக் கேட்டால், ஏற்கெனவே பிரிட்டனுக்கு வந்து தற்காலிக வளர்ப்பு வீட்டில் சில மாதம் இருந்து, இரண்டாம் சோதனையும் முடித்த நாயை நேரில் போய்ப் பார்த்து எடுப்பதே நல்லது. அதுவும் வெளிநாட்டிலிருந்து காப்பாற்றப்பட்ட நாய்தான்.

பணத்தை எப்படிக் கட்டுகிறீர்கள் என்பதும் உங்கள் உரிமையைத் தீர்மானிக்கும். கிரெடிட் கார்டில் 100 பவுண்டுக்கு மேல், 30,000 பவுண்டு வரை விலையுள்ள பொருளோ சேவையோ வாங்கி ஏமாந்தால், 1974 நுகர்வோர் கடன் சட்டத்தின் 75-ஆம் பிரிவின்படி கார்டு நிறுவனத்திடமே கேட்கலாம். நாயே இல்லாத போலி அமைப்புக்கு வங்கிக் கணக்கு வழியே பணம் அனுப்பி ஏமாந்தவர்களுக்கு, 2024 அக்டோபர் 7 முதல் பெரும்பாலான மோசடிகளில் வங்கி 85,000 பவுண்டு வரை திருப்பித் தர வேண்டும். தாமதிக்காமல் அன்றே வங்கிக்குச் சொல்லுங்கள். நாயைத் தொழிலாக விற்பவரிடம் வாங்கினீர்கள் என்றால் 2015 நுகர்வோர் உரிமைச் சட்டம் உங்கள் பக்கம்: சொன்னபடி இல்லாத நாயை 30 நாட்களுக்குள் மறுக்கலாம். நன்கொடை என்று எழுதி வாங்கிய தொண்டு அமைப்பிடம் அதே வாதம் அவ்வளவு எளிதாக நிற்காது. 10,000 பவுண்டுக்கு உட்பட்ட வழக்குகளைச் சிறு உரிமை நீதிமன்றத்தில் வழக்கறிஞர் இல்லாமலே போடலாம். எது நடந்தாலும் விளம்பரத்தின் படம், குறுஞ்செய்திகள், பாஸ்போர்ட் பக்கங்கள், மருத்துவர் குறிப்பு எல்லாவற்றையும் பத்திரமாக வையுங்கள்.

சந்தேகத்துக்கிடமான நாய் ஏற்கெனவே வீட்டுக்கு வந்துவிட்டதா? மற்ற நாய்களோடு சேர்க்காமல், முதலில் தொலைபேசியில் மருத்துவரிடம் வெளிநாட்டு நாய் என்று சொல்லிவிட்டுக் கூட்டிப்போங்கள். சிப்பைப் படித்துப் பாஸ்போர்ட் எண்ணோடு ஒப்பிடச் சொல்லுங்கள். பிரிட்டிஷ் தரவுத்தளத்தில் உங்கள் பெயரைப் பதிவு செய்யுங்கள். செய்யாவிட்டால் 500 பவுண்டு வரை அபராதம் உண்டு. காகிதம் போலி என்று தோன்றினாலோ வயது பொருந்தாவிட்டாலோ, உள்ளூராட்சியின் வணிகத் தர நிர்ணய அதிகாரிகளுக்குச் சொல்ல வேண்டும். இங்கிலாந்தில் இருந்தால் அவர்களுக்குப் புகாரைச் சேர்ப்பிக்கும் சிட்டிசன்ஸ் அட்வைஸ் நுகர்வோர் உதவி எண் 0808 223 1133. அழைப்புக் கட்டணம் கிடையாது.