செயற்கை நுண்ணறிவும் சாலையில் செல்லும் மனிதனும்

பொறியியல் பணிகளில் செயற்கை நுண்ணறிவைப் புகுத்துவது பற்றி இன்று எல்லாத் துறைகளிலும் பேசப்பட்டு வருகிறது. இதற்கென ஒரு தேசிய இயக்கத்தைத் தொடங்க மத்திய அமைச்சரவை 2024 மார்ச் மாதத்தில் 10,300 கோடி ரூபாய்க்கு மேல் ஒப்புதல் அளித்தது. இவ்வளவு பெரிய முதலீடு செய்யப்படும்போது, இயந்திரம் எவ்வளவு வேகமாகப் பணியாற்றுகிறது, எத்தனை சதவீதம் சரியாகக் கணிக்கிறது என்ற விவரங்களே முதலில் முன்வைக்கப்படுகின்றன. பொருளாதாரம் பயின்றவர் இவற்றோடு வேறொன்றையும் கேட்பார். இயந்திரம் தவறும் தறுவாயில் அத்தவறின் செலவு யார் கணக்கில் எழுதப்படுகிறது?

மனிதனை மையமாகக் கொண்ட வடிவமைப்பு என்னும் கருத்து புதியதன்று. பயன்படுத்துவோரின் தேவை, அவர்கள் செய்யும் வேலை, அவர்கள் வாழும் சூழல் ஆகியவற்றிலிருந்து வடிவமைப்பைத் தொடங்க வேண்டும் என்றும், அவர்களையே அதன் ஒவ்வொரு கட்டத்திலும் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்றும் சர்வதேசத் தர நிர்ணய அமைப்பு 1999-ஆம் ஆண்டிலேயே ஒரு தரநிலையை வெளியிட்டது. 2010-இல் அது திருத்தி அமைக்கப்பட்டது. நாற்காலிக்கும் நெம்புகோலுக்கும் பொருந்திய இக்கொள்கை, தானே கற்றுத் தானே முடிவு கூறும் இயந்திரத்திற்கு எவ்வாறு பொருந்தும் என்பதே இன்றைய சிக்கல். இதனை விளக்குவதற்கு ஐதராபாத் நகரம் நல்லதோர் எடுத்துக்காட்டாகும்.

கணிப்பொறித் தொழில் ஐதராபாத்துக்குப் பழக்கமானது. அணுசக்தித் துறையின் கீழ் 1967-இல் அங்கு நிறுவப்பட்ட இந்திய மின்னணுவியல் கழகம், நம் நாட்டிலேயே உருவான டி.டி.சி.-12 கணிப்பொறியை 1969-இல் வெளிக்கொணர்ந்தது. அக்காலத்துக் கணிப்பொறி குளிரூட்டப்பட்ட அறையில் அமர்ந்திருந்தது. வேலை இருப்பவர் அதனைத் தேடிச் சென்றார். இன்றோ அது சாலைக்கு வந்துவிட்டது. தேடிப் போகாதவர் மீதும், அதைப் பற்றி ஏதும் அறியாதவர் மீதும் அதன் முடிவுகள் விழுகின்றன.

ஆட்டோவை அறியாத கண்

தானே ஓடும் வாகனமாயினும், ஓட்டுநருக்கு உதவும் கருவியாயினும், முதலில் அது சாலையைப் பார்த்துப் புரிந்துகொள்ள வேண்டும். அதற்காகப் பல்லாயிரம் படங்களைக் காட்டி இயந்திரத்தைப் பழக்குகின்றனர். ஒவ்வொரு படத்திலும் உள்ள ஒவ்வொரு பொருளின் எல்லையையும் மனிதர்கள் கையால் வரைந்து, இது சாலை, இது மரம், இது கார் என்று வகைப்பெயர் இடுகின்றனர். இவ்வகையில் 2016-இல் வெளிவந்து உலகெங்கும் புகழ்பெற்ற தொகுப்பு ‘சிட்டிஸ்கேப்ஸ்’ என்பது. அதில் நுணுக்கமாகப் பெயரிடப்பட்ட 5,000 படங்கள் உள்ளன. பெரும்பாலும் ஜெர்மனியைச் சேர்ந்த 50 நகரங்களில், நல்ல வானிலையில், பகல் வேளையில் எடுக்கப்பட்டவை அவை. கோடுகள் தெளிவாக இருக்கும். நடப்போர் நடைபாதையிலும் வண்டிகள் தத்தம் தடத்திலும் இருப்பர். ஆட்டோ ரிக்‌ஷா என்னும் வகைப்பெயரே அத்தொகுப்பில் இல்லை.

ஐதராபாத்தின் கச்சிபவுலியில் 1998 முதல் இயங்கி வரும் சர்வதேசத் தகவல் தொழில்நுட்பக் கழகமான ட்ரிபிள் ஐ.டி., இன்டெல் நிறுவனத்தாருடன் சேர்ந்து இக்குறையை நீக்க முற்பட்டது. ஐதராபாத், பெங்களூரு ஆகிய நகரங்களிலும் அவற்றின் புறநகர்களிலும் கேமரா பொருத்திய காரை ஓட்டி, 182 பயணங்களிலிருந்து 10,000 படங்களைத் தேர்ந்தெடுத்து, 34 வகைப்பெயர்கள் இட்டு, 2018-இல் ‘இந்திய வாகனவோட்டத் தரவுத் தொகுப்பு’ ஒன்றை வெளியிட்டனர். இதில் ஆட்டோ ரிக்‌ஷாவிற்குத் தனி வகைப்பெயர் உண்டு. கால்நடைகளுக்கும் உண்டு. இருசக்கர வண்டிகளும் அவற்றில் செல்வோரும் ஐரோப்பியத் தொகுப்பைக் காட்டிலும் மிக அதிகமாக இடம்பெற்றுள்ளனர்.

இத்தொகுப்பில் குறிப்பாகக் கவனிக்கத்தக்க ஒரு வகைப்பெயர் இருக்கிறது. தார்ச்சாலையின் விளிம்பை ஒட்டிய மண் பரப்பு நம் ஊர்களில் சாலையும் அன்று, சாலை அல்லாததும் அன்று. லாரி எதிரே வந்தால் இருசக்கர வண்டி அதில் இறங்கும், பேருந்து நிற்கும், காய்கறிக்காரர் தள்ளுவண்டியை அதில் நிறுத்துவார். ஐரோப்பியத் தொகுப்பின் வகைகளில் இதற்கு இடமில்லை. சாலை அன்று எனினும் தேவைப்பட்டால் வண்டி செல்லக்கூடிய இடம் என்ற பொருளில் இதற்கெனத் தனி வகையை ஐதராபாத்துப் பொறியாளர்கள் வகுத்தனர். பட்டியலில் ஒரு வரியைச் சேர்ப்பது சிறு காரியம் போலத் தோன்றலாம். எனினும் மனிதனை மையமாகக் கொண்ட பொறியியல் என்பதன் பெரும்பகுதி இத்தகைய வரிகளில்தான் அடங்கியிருக்கிறது என்பது என் கருத்து.

வகைப்பெயர் இல்லாதவருக்கு நேர்வது என்ன? 2018 மார்ச் 18-ஆம் நாள் இரவு, அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்து டெம்பி நகரில், ஊபர் நிறுவனம் சோதித்து வந்த தானியங்கி கார் ஒன்று, சைக்கிளைத் தள்ளிக்கொண்டு சாலையைக் கடந்த பெண் ஒருவர் மீது மோதியது, அவர் இறந்தார். அந்நாட்டுத் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் 2019-இல் வெளியிட்ட முடிவுகள் ஊன்றிப் படிக்கத்தக்கவை. மோதலுக்கு 5.6 வினாடிகளுக்கு முன்பே இயந்திரம் அப்பெண்ணைக் கண்டுவிட்டது. ஆனால் அவரை வாகனம் என்றும், இன்னதென்று அறியாத பொருள் என்றும், சைக்கிள் என்றும் மாற்றி மாற்றி வகைப்படுத்தியது. ஒவ்வொரு முறை பெயர் மாறியபோதும், அதுவரை அவர் நகர்ந்து வந்த பாதையைப் பற்றிய கணக்கைக் கைவிட்டுப் புதிதாகத் தொடங்கியது. குறுக்குக் கோடுகள் இல்லாத இடத்தில் மனிதர் சாலையைக் கடக்கக்கூடும் என்ற எண்ணமே அதன் வடிவமைப்பில் இடம்பெறவில்லை.

நம் நாட்டில் அந்த எண்ணம் இல்லாத கருவி ஒரு நாள்கூடச் சாலையில் இருக்கத் தகாது. 2022-ஆம் ஆண்டில் இந்தியச் சாலைகளில் 1,68,491 பேர் உயிரிழந்தனர். அவர்களில் நூற்றுக்கு 64 பேர் இருசக்கர வண்டிகளில் சென்றவர்களும் நடந்து சென்றவர்களும் ஆவர். கருவியை விலைகொடுத்து வாங்குபவர் காரின் உள்ளே இருக்கிறார். அதன் பிழைக்கு விலை கொடுப்பவர் பெரும்பாலும் வெளியே இருக்கிறார்.

ஓட்டுநருக்கு உதவியா, ஓட்டுநர் மீது சாட்சியா?

மனிதனை அகற்றிவிடாமல் அவனுக்குத் துணை நிற்கும் கருவி என்ற வழியை ட்ரிபிள் ஐ.டி.யும் அதன் கூட்டாளிகளும் தேர்ந்தெடுத்தனர். ‘ஐராஸ்தே’ என்னும் இத்திட்டம் 2021-இல் நாகபுரியில் மாநகரப் பேருந்துகளில் தொடங்கியது. மத்தியச் சாலை ஆராய்ச்சி நிலையமும் இதில் பங்கு கொண்டது. பின்னர் தெலங்கானாவின் அரசுப் போக்குவரத்துக் கழகப் பேருந்துகளிலும் இக்கருவி பொருத்தப்பட்டது. முன்னால் செல்லும் வண்டியுடனோ குறுக்கே வருபவருடனோ மோதும் நிலை நெருங்கினால் கருவி ஒலியெழுப்பி எச்சரிக்கும். பிரேக்கை மிதிப்பவர் ஓட்டுநரே.

கேட்பதற்கு எளிதாக உள்ள இதில் இரு நுணுக்கங்கள் உண்டு. முதலாவது, ஒலியின் அளவு. தட ஒழுங்கு உள்ள சாலையில் இரு வண்டிகளிடையே இருக்கும் இடைவெளி நம் நகரங்களில் கிடைக்காது. அந்த இடைவெளியை அளவுகோலாகக் கொண்டால் அமீர்பேட்டைச் சந்திப்பில் கருவி ஓயாமல் ஒலிக்கும். ஓயாமல் ஒலிப்பதை எவரும் கேட்பதில்லை. சில நாட்களில் ஓட்டுநரின் செவி அதற்கு மரத்துவிடும். குறைவாக ஒலித்தாலோ உண்மை ஆபத்து தப்பிப் போகும். பொய் எச்சரிக்கைக்கும் தவறவிட்ட எச்சரிக்கைக்கும் இடையே எந்த இடத்தில் கோட்டைப் போடுவது என்பது கணித நூலில் காணும் விடையன்று. பத்து மணி நேரம் வண்டி ஓட்டுபவரின் அருகில் அமர்ந்து பார்த்தே அதை முடிவு செய்ய இயலும்.

இரண்டாவது, திரளும் விவரங்களின் பயன். எந்த ஓட்டுநரின் பேருந்தில் எத்தனை முறை ஒலி எழுந்தது என்பது பதிவாகிறது. அப்பதிவேட்டை ஒழுங்கு நடவடிக்கைக்குப் பயன்படுத்த எந்த அலுவலருக்கும் ஆசை எழும். அவ்வாறு செய்த மறுநாளே கருவியின் மீது துணி போர்த்தப்படும் என்று நான் கருதுகிறேன். அதற்காக ஓட்டுநரைக் குறை கூறுவதற்கும் இல்லை. இத்திட்டத்தார் அதே விவரங்களுக்கு மேலான பயன் ஒன்றைக் கண்டுள்ளனர். மத்தியச் சாலைப் போக்குவரத்து அமைச்சகம் 2015-இல் வகுத்த வரையறைப்படி, தேசிய நெடுஞ்சாலையில் சுமார் 500 மீட்டர் நீளமுள்ள ஒரு பகுதி ‘கரும்புள்ளி’ எனப் பெயர் பெறுவதற்கு, மூன்றாண்டுகளில் மரணமோ கொடுங்காயமோ விளைந்த 5 விபத்துகள் அங்கு நேர வேண்டும், அல்லது 10 பேர் இறக்க வேண்டும். பல பேருந்துகளில், பல ஓட்டுநர்களிடம், ஒரே இடத்தில் மீண்டும் மீண்டும் ஒலி எழுமாயின் பழுது ஓட்டுநரிடம் இல்லை, சாலையில் இருக்கிறது என்பது தெளிவு. அவ்விடத்தைச் ‘சாம்பல் புள்ளி’ எனக் குறித்து, அது கரும்புள்ளியாகும் முன்பே வளைவையோ நடுத்திட்டின் திறப்பையோ விளக்கையோ சீர்செய்யலாம். பத்து மரணங்களுக்குக் காத்திருக்காமல் பொறியாளர் வேலையைத் தொடங்க இது வழி செய்கிறது.

டெம்பி விபத்தின் பின்கதையையும் இங்கே நினைவுகூர வேண்டும். அக்காரில் மேற்பார்வைக்காக ஒரு பணியாளர் அமர்ந்திருந்தார். அவர் சாலையைப் பார்க்காமல் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருந்தார். நிறுவனத்தின் மீது குற்றவியல் பொறுப்பு இல்லை என்று அரசு வழக்கறிஞர் 2019-இல் முடிவு செய்தார். அப்பணியாளரோ 2023-இல் குற்றத்தை ஒப்புக்கொண்டு மூன்றாண்டு நன்னடத்தைக் கண்காணிப்புக்கு உள்ளானார். மோதலின்போது பயணியைக் காப்பதற்காகத் தான் நசுங்கும்படி காரின் முன்பகுதியை அமைப்பது போல, இயந்திரத்தைக் காப்பதற்காக மனிதன் நசுங்கும்படி இம்முறைகள் அமைந்துவிடுகின்றன என்று மாடலின் கிளேர் எலிஷ் என்னும் ஆய்வாளர் எழுதியுள்ளார். ‘இறுதி முடிவு மனிதருடையதே’ என்று கோப்பில் ஒரு வரி எழுதுவதால் மட்டும் கருவி மனிதனை மையமாகக் கொண்டதாகிவிடாது. அந்த மனிதருக்கு நேரமும் விவரமும் மறுக்கும் அதிகாரமும் உண்டா என்று பார்த்தல் வேண்டும்.

அட்டை இழந்த குடும்பங்கள்

அதே ஐதராபாத்தில் உருவான மற்றொரு வடிவமைப்பு, சாலைக்குத் தொடர்பில்லாததாயினும், இக்கேள்வியை இன்னும் கூர்மையாக எழுப்புகிறது. தெலங்கானா அரசின் ‘சமக்ர வேதிகா’ என்னும் கணிப்பொறி முறை, பல துறைகளின் பதிவேடுகளில் உள்ள பெயர், முகவரி முதலியவற்றை ஒப்பிட்டு, இவரும் அவரும் ஒருவரே என்று கணிப்பது. உணவுப் பாதுகாப்பு அட்டை வைத்திருப்பவரின் பெயரில் கார் உள்ளதா, நிலம் உள்ளதா என்பன இதன் வழியே ஆராயப்பட்டன. ஒரே மனிதரின் பெயர் ஒரு பதிவேட்டில் முகம்மது என்று முழுமையாகவும் மற்றொன்றில் எம்.டி. என்று சுருக்கமாகவும் இருக்கும். தெலுங்கரின் வீட்டுப்பெயர் ஓரிடத்தில் முன்னே வரும். வேறோர் இடத்தில் ஓரெழுத்தாகக் குறுகிவிடும். பெயர் ஒத்திருப்பதால் ஆளும் ஒருவரே என்று இயந்திரம் கருதிவிடக்கூடும். முன்னறிவிப்பின்றி, வீட்டிற்குச் சென்று பாராமல் அட்டைகள் ரத்து செய்யப்பட்டன என்ற முறையீடு உச்ச நீதிமன்றம் வரை சென்றது. 2016 முதல் ரத்தான சுமார் 19 லட்சம் அட்டைகளை நேரில் ஆய்வு செய்யுமாறு 2022 ஏப்ரலில் அந்நீதிமன்றம் பணித்தது.

இயந்திரம் 95 சதவீதம் சரியாகக் கணிக்கிறது என்று விற்பனையாளர் கூறும்போது அதன் பொருளை மாணவரும் அலுவலரும் கணக்கிட்டுப் பார்க்க வேண்டும். ஓர் எடுத்துக்காட்டை எண்களில் அமைப்போம். ஒரு மாவட்டத்தில் 1,00,000 அட்டைகள் இருப்பதாகவும், அவற்றுள் 1,000 மட்டுமே தகுதியற்றவை எனவும் கொள்வோம். தகுதியற்றவற்றில் 95 சதவீதத்தை, அதாவது 950-ஐ, இயந்திரம் சரியாகப் பிடிக்கும். தகுதியுள்ள 99,000-இல் 5 சதவீதத்தை, அதாவது 4,950-ஐ, தவறாகப் பிடிக்கும். ஆகப் பிடிபட்டவை 5,900. அவற்றுள் ஆறில் ஐந்து பங்கு தகுதியுள்ள குடும்பங்கள். இயந்திரம் பழுதடையவில்லை, விற்பனையாளரும் பொய் கூறவில்லை. தேடப்படும் பொருள் அரிதாக இருக்கும் இடமெங்கும் கணக்கு இவ்வாறே அமையும். பேருந்தின் எச்சரிக்கை ஒலிக்கும் இது பொருந்தும். அங்கே வீணாகும் ஒலிக்கு ஒரு நொடி எரிச்சலே விலை, இங்கே ஒரு மாத அரிசி விலை.

ஆகவே ஒப்பந்தப் புள்ளி கோரும் அலுவலர், சராசரித் துல்லியம் என்ற ஒற்றை எண்ணோடு மனநிறைவு கொள்ளலாகாது. இருவகைப் பிழைகளையும் தனித்தனியே, நம் ஊரின் தரவுகளைக் கொண்டு அளந்து காட்டுமாறு கேட்க வேண்டும். பாதிக்கப்பட்டவர் எந்த மேசைக்குச் சென்று முறையிடுவது, எத்தனை நாட்களில் விடை கிடைக்கும், அதுவரை பயன் தொடருமா என்பவையும் ஒப்பந்தத்திலேயே இடம்பெற வேண்டும்.

இயந்திரம் சுட்டிய அட்டைகளை உடனே ரத்து செய்யாமல், அவற்றை ஆய்வுக்குரிய பட்டியலாக மட்டும் கொண்டால் ஆகும் செலவையும் கணக்கிடலாம். மேற்கூறிய மாவட்டத்தில் 1,00,000 வீடுகளுக்கும் செல்ல வேண்டியதில்லை. 5,900 வீடுகளுக்குச் சென்றால் போதும். ஓர் அலுவலர் நாளொன்றுக்கு 20 வீடுகளைப் பார்ப்பதாகக் கொண்டால், 15 பேர் 20 வேலை நாட்களில் இப்பணியை முடித்துவிடுவர்.