மூஞ்சூறுக்கு ஒரு பரீட்சை

திருச்சி சத்திரம் பேருந்து நிலையத்தில் நின்று சற்று நிமிர்ந்து பார்த்தால் மலைக்கோட்டை தெரியும். உச்சிப் பிள்ளையார் தம் பாரத்தையெல்லாம் ஒரு மூஞ்சூறின் மேல் போட்டுவிட்டு நிம்மதியாக இருக்கிறார். கீழே பஸ்ஸிலிருந்து இறங்கி, கம்ப்யூட்டர் வகுப்புக்கு விரைகிற பெண்களும் ஓர் எலியை நம்பித்தான் போகிறார்கள். 'மௌஸ்' என்று அதற்குப் பெயர். பிள்ளையாரின் வாகனம் சொன்னபடி கேட்கும். இந்த எலி சில சமயம் முரண்டு பிடிக்கும்.

அரசாங்கத் தட்டச்சர் உத்தியோகத்துக்கு டைப் அடிக்கத் தெரிந்தால் மட்டும் போதாது. கம்ப்யூட்டர் சான்றிதழும் வேண்டும். அதற்குச் செய்முறைப் பரீட்சை உண்டு. நேரமோ ஓடுகிறது; திரையில் உள்ள அம்பை இந்தப் பக்கம் இழுத்தால் அந்தப் பக்கம் தாவுகிறது. "இந்த வயசிலே எனக்கு இதெல்லாம் வராது" என்று நாற்பது வயது அம்மாள் ஒருத்தி கையை எடுத்துவிடுகிறாள். கோளாறு கையிலா, எலியிலா? அதைத் தெரிந்துகொள்ளாமல் தன்னையே நொந்துகொள்வது நியாயமா?

தெரிந்துகொள்ளச் சுலபமான வழி இருக்கிறது. எலியைக் கோலம் போடச் சொல்லுங்கள்! என்ன, சிரிக்கிறீர்களா?

எலியைச் சோதிப்பதற்கென்றே சின்னஞ்சிறு படம் போடும் புரோகிராம்கள் உண்டு. பொத்தானை அமுக்கினால் ஒரு புள்ளி. அமுக்கியபடியே நகர்த்தினால் ஓர் இழை. விட்டால் இழை நின்றுவிடும். அம்பு இடமிருந்து எத்தனை தூரம், மேலிருந்து எத்தனை தூரம் என்ற இரண்டு எண்களைத்தான் புரோகிராம் ஓயாமல் கவனிக்கிறது. எத்தனையாவது வரிசையில் எத்தனையாவது புள்ளி என்று நாம் வாசலில் கணக்கு வைப்பதில்லையா, அதே சூட்சுமந்தான்.

கோலம் சரியாக வராவிட்டால் காரணத்தைக் கோலமே சொல்லிவிடும். ஒரு முறை அமுக்கியதற்கு இரண்டு என்று எண்ணிக் காட்டினாலோ, இழுக்கும்போது இழை நடுவில் அறுந்தாலோ, பொத்தானின் அடியிலுள்ள மெல்லிய தகடு தேய்ந்திருக்கலாம். வேறு எலி கேட்டு வாங்குங்கள். இழை கன்னாபின்னாவென்று தாவினால் மேஜையைப் பாருங்கள். இந்தக் காலத்து எலியின் அடிவயிற்றில் ஒரு விளக்கும் குட்டிக் காமிராவும் இருக்கின்றன. வினாடிக்கு ஆயிரத்துக்கும் மேலாகப் படம் பிடித்து, ஒன்றோடொன்று ஒப்பிட்டுத்தான் அது தன் நகர்வை அறிகிறது. வழவழப்பான கண்ணாடியில் ஒப்பிட அடையாளம் ஏது? ஒரு வெள்ளைக் காகிதத்தை அடியில் விரித்தால் போதும், எலி சாதுவாகிவிடும்.

தனிப் புரோகிராம் இல்லையென்றால், விண்டோஸில் உள்ள 'பெயிண்ட்' இருக்கிறது. இடது பொத்தான் ஒரு வர்ணத்திலும் வலது பொத்தான் வேறு வர்ணத்திலும் கோடு போடும். இரண்டும் ஒழுங்காக வேலை செய்கின்றனவா என்று பார்த்துவிடலாம். எல்லாம் சரியாக இருந்தால், பாக்கி கைப்பழக்கம் ஒன்றுதான். அம்பின் வேகத்தைக் குறைத்து வைத்துக்கொண்டு, எலியை இறுக்கிப் பிடிக்காமல், பத்து நாள் கோலம் போட்டுப் பாருங்கள்.

இந்த எலி பிறந்ததும் எளிய கோலத்தில்தான். அமெரிக்காவில் டக்ளஸ் எங்கெல்பார்ட் என்பவரின் யோசனைப்படி, பில் இங்கிலிஷ் 1964-ல் முதல் எலியைச் செய்தார். மரக்கட்டை உடம்பு, அடியில் இரண்டு சக்கரம், மேலே ஒரே பொத்தான், வாலாக ஒரு கம்பி, அவ்வளவுதான். 1968 டிசம்பர் 9-ந் தேதி ஸான்பிரான்ஸிஸ்கோவில் எங்கெல்பார்ட் அதைச் சபையில் இயக்கிக் காட்டினார்.

அதற்கு ஆறு ஆண்டு கழித்து, நம் வாசற்கோலமே கம்ப்யூட்டர் உலகத்துக்குப் பாடமாயிற்று. தாம்பரம் சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியைச் சேர்ந்த கிஃப்ட் சிரோமணியும் ராணி சிரோமணியும், கமலா கிருத்திவாசனோடு சேர்ந்து, கோலங்களுக்குள் ஒளிந்திருக்கும் இலக்கண விதிகளை ஆராய்ந்து 1974-ல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். வெளியிட்டது, கம்ப்யூட்டரில் படம் வரைவது பற்றிய சர்வதேசப் பத்திரிகை!

ஆகவே சகோதரிகளே, புள்ளியும் இழையும் நமக்குப் புதிதல்ல. வகுப்பிலோ பரீட்சை மண்டபத்திலோ உட்கார்ந்ததும், அனுமதி கேட்டு முதலில் நாலு புள்ளி வைத்து ஓர் இழை இழுத்துப் பாருங்கள். குற்றம் எலியுடையது என்றால் தைரியமாக எழுந்து சொல்லுங்கள். "எனக்கு வராது" என்ற வார்த்தை மட்டும் வேண்டாம்.