உஷார்! ஓடுகிறதே என்று பழைய கணினியை நம்பிவிடாதீர்கள்

2025 ஒக்டோபர் 14ஆம் திகதியுடன் விண்டோஸ் 10க்கு வழக்கமாக வந்துகொண்டிருந்த பாதுகாப்புத் திருத்தங்கள் நின்றுவிட்டன. மறுநாள் பலாங்கொடையிலோ எட்டியாந்தோட்டையிலோ எந்தக் கணினியும் அணைந்துபோகவில்லை. கொமியுனிகேஷன் கடைகளில் படிவங்கள் நிரப்பப்பட்டன, பிள்ளைகள் பாடம் பார்த்தார்கள். ஒன்றும் ஆகவில்லையே என்று எல்லோரும் தங்கள் வேலைக்குத் திரும்பிவிட்டார்கள். எனக்குப் பயமே அதில்தான். இரத்தினபுரி, கேகாலை மாவட்டத்துக்காரர்களுக்கு மண்சரிவைப் பற்றி யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் சிவப்பு எச்சரிக்கை விடுத்த அன்றே மலை இறங்கிவிடுவதில்லை. அதற்காக லயத்தில் பிள்ளைகளைப் படுக்கவைத்துவிட்டு நிம்மதியாக இருப்போமா?

ஆபத்து எப்படி வருகிறது என்று புரிந்துகொள்ளுங்கள். மாதந்தோறும் இரண்டாவது செவ்வாய்க்கிழமை மைக்ரோசொஃப்ட் தன் திருத்தங்களை வெளியிடுகிறது. விண்டோஸ் 11இல் ஓர் ஓட்டை அடைக்கப்பட்டால், எந்த இடத்தில் எப்படி அடைத்தார்கள் என்பதைத் திருடர்களும் பிரித்துப் பார்ப்பார்கள். 10உம் 11உம் உள்ளே பெரும்பாலும் ஒரே நிரல்தான். 11இல் அடைபட்ட அதே ஓட்டை பல சமயம் 10இலும் இருக்கும். நீடித்த திருத்தங்களுக்குத் தனியாகப் பதிந்துகொள்ளாவிட்டால் அங்கே அடைக்க ஆளில்லை. ஆகவே நாள் போகப் போகப் பழைய கணினியின் ஆபத்து கூடிக்கொண்டே போகும். விண்டோஸ் 7 வைத்திருப்பவர்கள் நிலை இன்னும் மோசம். அதற்கான பொது ஆதரவு 2020 ஜனவரி 14உடன் முடிந்தது. குரோம் உலாவிகூட 2023இல் 109ஆம் பதிப்போடு அதைக் கைவிட்டது. அந்தக் கணினியில் இன்றும் வங்கிக் கணக்கைத் திறக்கிறவர்களை நினைத்தால் பதைபதைக்கிறது.

நகரத்தில் ஒரு வீட்டுக் கணினியில் வைரஸ் புகுந்தால் நட்டம் அநேகமாக அந்த வீட்டோடு போகும். தோட்டப்புறத்தில் அப்படியில்லை. இங்கே எல்லார் வீட்டிலும் கணினி இல்லை. கடைத்தெருவில் உள்ள ஒரு கொமியுனிகேஷன் கடைதான் சுற்றியுள்ள தோட்டங்களுக்கெல்லாம் கணினி. கொழுந்து பறித்துவிட்டோ பால் வெட்டிவிட்டோ அவசரமாக வரும் அக்கா தன் அடையாள அட்டையை நீட்டுகிறார். அது ஸ்கேன் செய்யப்பட்டு அந்தக் கணினியிலேயே தங்கிவிடுகிறது. பிறப்புச் சான்றிதழ், ஊழியர் சேமலாப நிதிப் படிவம், அஸ்வெசும விபரம், வங்கிக் கணக்கிலக்கம், மத்திய கிழக்குக்குப் போகக் காத்திருக்கும் பிள்ளையின் கடவுச்சீட்டு எல்லாம் அதே டெஸ்க்டொப்பில் குவிந்துகிடக்கின்றன. பலருக்கு மின்னஞ்சல் திறந்து கொடுப்பதும் கடைக்காரத் தம்பிதான், கடவுச்சொல்லைக் கொப்பியில் எழுதி வைப்பதும் அவர்தான். அந்த ஒரு கணினி விழுந்தால் எத்தனை குடும்பங்கள் திறந்த வெளியில் நிற்கும் என்று எண்ணிப் பாருங்கள். அங்கிருந்து பென் டிரைவ் பாடசாலைக்குப் போகிறது, பாடசாலையிலிருந்து வீட்டுக்கு வருகிறது. கோப்புறைகள் எல்லாம் திடீரென ஷோர்ட்கட்டாக மாறிக் கிடப்பதைப் பார்க்காத ஆசிரியர் இங்கே குறைவு.

2017 மே மாதக் கடைசியில் களுகங்கை பெருகி இரத்தினபுரி மூழ்கியதை நாம் மறக்கவில்லை. அதற்கு இரண்டு வாரம் முன்பு, மே 12ஆம் திகதி, வன்னாகிரை என்ற கப்பம் கேட்கும் வைரஸ் சுமார் 150 நாடுகளில் இரண்டு இலட்சத்துக்கு மேற்பட்ட கணினிகளைப் பூட்டிப்போட்டது. பிரித்தானிய அரச மருத்துவமனைகளில் சத்திரசிகிச்சைகள் தள்ளிப்போயின. பாதிக்கப்பட்டவற்றில் மிகப் பெரும்பாலானவை விண்டோஸ் 7 கணினிகள். அதற்கான திருத்தம் மார்ச் 14ஆம் திகதியே வந்துவிட்டது; போடாமல் விட்டவர்கள்தான் மாட்டினார்கள். திருத்தம் வந்தும் போடாதவர்களுக்கே அந்தக் கதி என்றால், திருத்தமே வராத கணினிக்கு என்ன கதி?

நம் நாட்டுக் கதையும் இருக்கிறது. 2023 ஓகஸ்ட் 26ஆம் திகதி இலங்கை அரசின் மேகக் கணினி வலையமைப்பை ரான்சம்வேர் எனப்படும் கப்ப வைரஸ் தாக்கியது. அமைச்சரவை அலுவலகத்தினுடையவை உட்பட ஏறத்தாழ 5,000 அரச மின்னஞ்சல் முகவரிகளில் மே 17 முதல் அன்று வரையான கடிதங்கள் தொலைந்தன. அங்கே ஓடிக்கொண்டிருந்தது காலாவதியான எக்ஸ்சேஞ்ச் 2013 என்ற மின்னஞ்சல் மென்பொருள். நிதி இல்லாததால் புதுப்பிப்பது தள்ளிப்போனது என்றார்கள். இணைப்பிலேயே வைத்திருந்த காப்புப் பிரதியும் சேர்ந்து பூட்டுப்பட்டது. அரசாங்கத்துக்கே நேர்ந்தது இது.

சரி, புதியதற்கு மாறிவிடலாம் என்றால் அந்த வழியிலும் குழி இருக்கிறது. விண்டோஸ் 11 எல்லாக் கணினியிலும் முறைப்படி ஏறாது. டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சிப் வேண்டும், 4 ஜிபி ரேம் வேண்டும், இன்டெல் என்றால் ஏறக்குறைய எட்டாம் தலைமுறையாவது இருக்க வேண்டும். கம்பனிகள் கழித்துவிட, விற்பனைக்கு வரும் மடிக்கணினிகளில் ஆறாம், ஏழாம் தலைமுறைகள் ஏராளம். கடைக்காரர் “கோர் ஐ5 தான் அண்ணே, விண்டோஸ் 11 போட்டிருக்கு” என்பார். ஐ5 என்ற பெயர் போதாது. அடுத்து வரும் எண்ணைப் பாருங்கள். 7200 என்றிருந்தால் அது ஏழாம் தலைமுறை, முறைப்படி ஏறாது. 8250 என்றால் ஏறும். சோதனையைத் தாண்டிக் குறுக்கு வழியில் 11ஐ ஏற்றித் தருகிறவர்கள் இருக்கிறார்கள். அப்படிப்பட்ட கணினிக்குத் திருத்தம் தொடர்ந்து வரும் என்று மைக்ரோசொஃப்ட் உறுதி தருவதில்லை. கோர் 2 டுவோ போன்ற மிகப் பழைய கணினிகளில் விண்டோஸ் 11இன் 24எச்2 பதிப்பு எழும்பவே எழும்பாது.

இதைவிடக் கொடுமை, திருட்டு விண்டோஸை இயக்க உள்ளே ஓடவிடும் ‘அக்டிவேட்டர்’. அதை ஓடவிட முதலில் அன்டிவைரஸை நிறுத்தச் சொல்வார்கள். வாசலைத் திறந்துவைத்துக் கூப்பிடுகிற வேலை அது. கேஎம்எஸ்பிகோ என்ற அக்டிவேட்டரின் பெயரில் உலவிய கோப்புகளில் கடவுச்சொற்களைத் திருடும் கிரிப்ட்பொட் ஒளிந்திருந்ததை ரெட் கனரி என்ற பாதுகாப்பு நிறுவனம் 2021 டிசம்பரில் வெளிப்படுத்தியது. உங்கள் கணினிக்கு அதைப் போட்டுத் தருகிறேன் என்று யார் சொன்னாலும் வேண்டாம் என்று எழுந்து வாருங்கள், உறவுக்காரராக இருந்தாலும் சரி.

புதிய கணினி வாங்குகிறவர்களுக்கு இன்னொரு எச்சரிக்கை. விண்டோஸ் 11 24எச்2ஐப் புதிதாக ஏற்றி மைக்ரோசொஃப்ட் கணக்கோடு உள்நுழைந்தால் பல கணினிகளில் வட்டு தானாகவே மறையாக்கப்பட்டுவிடும். அதைத் திறக்கும் 48 இலக்கச் சாவி அந்தக் கணக்கில் போய்ச் சேரும். கடைக்காரர் தன் சொந்த மின்னஞ்சலைப் போட்டுத் தந்தால் உங்கள் சாவி அவரிடம். ஒருநாள் கணினி அந்தச் சாவியைக் கேட்கும்போது பிள்ளையின் உயர்தரக் குறிப்புகளும் தாத்தாவின் புகைப்படமும் உள்ளே அகப்பட்டுக்கொள்ளும். உங்கள் கணக்கை உங்கள் முன்னாலேயே திறக்கச் சொல்லுங்கள்.

பழையதை விடமாட்டோம் என்பவர்கள் இரண்டு காரணம் சொல்கிறார்கள். ஒன்று, பாமினியில் தமிழ் தட்டச்சு நின்றுவிடும் என்ற பயம். பாமினி வெறும் எழுத்துரு. விண்டோஸ் 11இலும், லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்திலும் வேலை செய்யும். மற்றது டேட்டா செலவு, அது நியாயமானது. விண்டோஸ் 11இன் நிறுவல் கோப்பு மட்டுமே 5 ஜிபிக்கு மேல். மலையில் சிக்னல் தேடி, டேட்டா கார்ட் போட்டு அதை இறக்குவது யாருக்கும் எளிதல்ல. ஆனால் அந்தச் செலவுக்குப் பயந்து இணைப்பை ‘மீட்டர்ட்’ (டேட்டாவைக் கட்டுப்படுத்தும் அமைப்பு) என்று மாற்றி மாதாந்தத் திருத்தங்களை மறந்துவிடுவது தவறு. நகரத்தில் வைஃபை உள்ள இடத்துக்கு மாதம் ஒருமுறை மடிக்கணினியைக் கொண்டுபோய்த் திருத்தங்களை மட்டுமாவது இறக்குங்கள்.

விண்டோஸ் 10ஐ உடனே விட முடியாதவர்களுக்கு மைக்ரோசொஃப்ட் 2026 ஒக்டோபர் 13 வரை நீடித்த திருத்தங்களை அறிவித்தது. உங்களிடம் விண்டோஸ் 10இன் 22எச்2 பதிப்பு இருந்து, மைக்ரோசொஃப்ட் கணக்கில் நுழைந்து அமைப்புகளைச் சேமிக்கச் சம்மதித்தால் காசில்லை. இல்லையேல் 30 டொலர். பாடசாலைகளுக்கு முதலாண்டில் கணினி ஒன்றுக்கு ஒரு டொலர்தான். அதிபர்களே, வலயக் கல்வி அலுவலகத்திடம் இதை எழுத்தில் கேளுங்கள். பழைய கணினிகளுக்கு லினக்ஸ் மின்ட் 22ஐப் போடலாம். அது இலவசம், 2029 வரை திருத்தம் வரும். சாதாரண தர மாணவருக்குத் தேவையான சொற்செயலி, விரிதாள், நிகழ்த்துகை எல்லாம் லிப்ரெஒஃபிஸில் உண்டு. தமிழும் ஒழுங்காகத் தெரியும். என்னைக் கேட்டால், திருட்டு விண்டோஸ் 11ஐவிட நேர்மையான மின்ட் நூறு மடங்கு மேல்.

இன்றே ‘செட்டிங்ஸ்’ போய், ‘சிஸ்டம்’ என்பதில் ‘அபவுட்’டைத் திறந்து உங்களிடம் எந்தப் பதிப்பு, எந்தத் தலைமுறை என்று பாருங்கள். இந்தச் ‘செட்டிங்ஸ்’ பக்கமே இல்லாத விண்டோஸ் 7 என்றால் இந்த நிமிடமே இணையத்தைக் கழற்றுங்கள். கடை வைத்திருக்கும் தம்பிமாரே, வேலை முடிந்ததும் அடையாள அட்டைப் பிரதிகளை அழித்துவிடுங்கள். முக்கியமான கோப்புகளை ஒரு வெளி வட்டில் எடுத்து, கணினியிலிருந்து கழற்றி, வெள்ளம் ஏறாத உயரத்தில் வையுங்கள்.